கம்பனியின் எல்லை வாசலோடு முடியட்டும்

ஃபைபர் இணைப்பு வாங்கிய வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது முதல் வேலை. அந்தச் சமிக்ஞையை வைஃபையாக வீடெங்கும் பரப்புவது இரண்டாவது. முதலாவது தொலைத்தொடர்புக் கம்பனியின் காரியம். இரண்டாவது வீட்டுக்காரரின் காரியம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால், வீட்டுக்குள் அலை எதுவரை எட்டும், எந்த அமைப்பை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதெல்லாம் கம்பனியின் கைக்குப் போய்விடுகின்றன.

மின் விநியோக நிறுவனத்தின் அதிகாரம் மீட்டரோடு நின்றுவிடுகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் எந்தக் குமிழைப் போடுவது, எத்தனை பிளக் வைப்பது என்பது நம் விருப்பம். இணையத்துக்கும் அப்படியொரு எல்லைக்கோடு வேண்டும். வீட்டுக்காரர் தம் சொந்த ரவுட்டரை, தேவையானால் பல கருவிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்கும் மெஷ் ரவுட்டரை, யாரிடமும் கெஞ்சாமல் பொருத்திக்கொள்ளும் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும். கொழும்பில் இது வசதி பற்றிய பேச்சு. சப்ரகமுவவின் தோட்டங்களிலோ யாருக்கு இணையம் எட்டும், யாருக்கு எட்டாது என்பதையே இது தீர்மானிக்கப் போகிறது.

சிதறிக் கிடக்கும் நிலம்

நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மலைமலையாகப் போகும். சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அப்படியில்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய என்று தேயிலையும் இறப்பரும் கலந்து, நடுநடுவே சிங்களக் கிராமங்களும் வயல்களும் மாணிக்கக் குழிகளுமாகத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களுக்கு நடுவில் ஒரு கிராமமும் ஓர் ஆறும் இருக்கும். ஒரு மைலுக்கு எத்தனை வாடிக்கையாளர் என்று கணக்குப் பார்த்துக் கம்பி இழுக்கிறவர்களுக்கு இந்த நிலம் ஒத்துவராது.

அதனால்தான் செப்புக் கம்பித் தொலைபேசி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலானவற்றை எட்டாமலே தன் காலத்தை முடித்துக்கொண்டது. 2000களின் நடுப்பகுதியில் கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்தபோதுதான் பல குடும்பங்கள் முதல்முறையாக வீட்டுக்குள் மணி ஒலிக்கக் கேட்டன. பிறகு கைத்தொலைபேசி. இன்று லயத்தில் இணையம் என்றால் அனேகமாக ரீலோட் போட்ட டேட்டா, அல்லது சிம் செருகிய 4ஜி ரவுட்டர்.

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததல்ல. நாடு முழுவதும் 4ஜி அலைவரிசையை எட்டச் செய்யவென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தொடங்கிய ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டம் முதலில் கால்வைத்தது இரத்தினபுரி மாவட்டத்தில்தான். கோபுரங்கள் எழுவது நல்லது. ஆனால் மலை மடிப்புக்குள் ஒடுங்கிய லயத்துக்குக் கோபுரத்தின் நேர்ப்பார்வை கிடைப்பதில்லை. கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாடே பார்த்தது. 2021இல் ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்து மாணவர்களின் படங்கள் உலகப் பத்திரிகைகள் வரை போயின.

வானத்திலிருந்து விடிவு வரும் என்ற நம்பிக்கையும் நமக்குப் பழகிப்போனது. பலூன்களைப் பறக்கவிட்டுத் தீவு முழுவதற்கும் இணையம் தருவோம் என்று கூகுளின் லூன் திட்டத்தோடு 2015இல் உடன்பாடு செய்தோம். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் இறங்கிக் கிடந்தது. 2021 ஜனவரியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவை இலங்கையில் தொடங்கியது. அது நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்குமாகச் சேர்த்துக் கேட்கப்படும் பணம் துரை பங்களாவுக்குக் கட்டுப்படியாகலாம், லயத்துக்கு ஆகாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் பங்காக 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்க்க முன்மொழிந்தது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்து இணையத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

எஞ்சுவது ஃபைபர். அது நகரக் கடைத்தெருக்களைத் தாண்டிப் பெருந்தெரு ஓரமாக நகர்ந்து வருகிறது. ஒருநாள் தோட்டத்துச் சந்திக்கும், அங்கிருந்து லயத்தின் முதல் வீட்டுக்கும் வந்து சேரும். அப்போது அந்த முதல் வீட்டோடு அது நின்றுவிடுமா, பத்தாவது வீட்டுக்கும் போகுமா? சொந்த ரவுட்டர் பற்றிய சட்டப் பேச்சு நமக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

ஒரே இழை, பல வீடுகள்

ஃபைபர் இணைப்பு தனித்தனிக் கம்பியாக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மெல்லிய இழை தனியானதுதான். ஆனால் சற்றுத் தள்ளி, கம்பத்தில் இருக்கும் ஒரு பிரிப்பானுக்குள் அது போய்ச் சேர்கிறது. நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையின் ஒளியை அந்தப் பிரிப்பான் வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஜிபொன் முறையில் அந்த ஒற்றை இழை நொடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட் கொண்டுவரும், 1.25 கிகாபிட் கொண்டுபோகும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் கம்பனி அதைப் பல வீடுகளுக்கு விற்கிறது. அந்த நம்பிக்கை சரியானதே.

ஆக, பங்கிடுவது இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. கம்பனி தன் இழையை அறுபது வீடுகளுக்குப் பங்கிட்டால் அது வியாபாரம். லயத்தில் நான்கு குடும்பங்கள் ஓர் இணைப்பைப் பங்கிட்டால் அது ஒப்பந்த மீறல். வீட்டு இணைப்பு ஒப்பந்தங்கள் பொதுவாக மறுவிற்பனையைத் தடுக்கின்றன. ஒருவர் இணைப்பு வாங்கி இலாபம் வைத்து ஊருக்கு விற்பதைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் குடும்பங்கள் ஒரு கட்டணத்தைப் பிரித்துக் கட்டுவதை அதே தராசில் நிறுக்கமுடியாது. வீடு என்றால் தனி மதிலும் தனி வாசலும் கொண்டது என்று நினைத்து எழுதிய விதி, லயத்தைக் கண்டதில்லை.

அறைக்கு அறை வேண்டாம், வீட்டுக்கு வீடு

மெஷ் ரவுட்டர் என்பது கடையில் இரண்டு மூன்று கருவிகளாக ஒரே பெட்டியில் விற்கப்படுவது. ஒன்று இணைப்போடு பிணைந்திருக்கும். மற்றவை தள்ளித் தள்ளி நின்று அலையை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும். எங்கு நடந்தாலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். தொலைபேசி தானாகவே அருகிலுள்ள கருவிக்கு மாறிக்கொள்ளும். 2016 அளவில் அமெரிக்க வீட்டுச் சந்தையில் பரவத் தொடங்கிய இந்தக் கருவிகள் பெரிய வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை.

ஒளிக்காமல் சொல்லவேண்டும்: ஒரு லயக் காம்பராவுக்கு மெஷ் தேவையே இல்லை. இஸ்தோப்பு, ஓர் அறை, ஒரு குசினி. ஒரு சாதாரண ரவுட்டரே போதும். ஏழு பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடித் தனிவீட்டுக்கும் அதே கதைதான். கடைக்காரர் ‘மூன்று கருவி வாங்குங்கள்’ என்றால் அது அவருடைய வியாபாரம். உத்தியோகத்தர் விடுதி, பின்னால் நீட்டிக் கட்டி மாடியும் எழுப்பிய வீடு, கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் ஆகியவற்றுக்குத்தான் ஒரு வீட்டுக்குள்ளேயே மெஷ் பயன்படும்.

ஆனால் லயத்தை ஒரு வரிசையாகப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. முதல் வீட்டு ரவுட்டரின் அலை இரண்டாவது மூன்றாவது வீட்டுக்குப் போகும்போதே, கனமான பழைய சுவர்களில் மோதித் தேய்ந்துவிடும். மூன்று வீட்டுக்கு ஒரு மெஷ் கருவி வைத்தால் வரிசை முழுவதும் மூடப்படும். பத்துக் குடும்பங்களுக்கு 100 மெகாபிட் இணைப்பு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிகள் அந்த வேகத்தைச் சிந்தாமல் கடத்தினால், எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தாலும் குடும்பத்துக்குப் பத்து வரும். ஒரு காணொளிப் பாடத்துக்கு நான்கைந்து போதும். மத்திய கிழக்கில் வேலைசெய்யும் தாயோடு முகம் பார்த்துப் பேச அதைவிடக் குறைவே போதும்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமத்தில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் ஹொரைசன் லங்கா என்ற அமைப்பைத் தொடங்கிப் பிள்ளைகளைக் கணினிக்குப் பழக்கினார். 2006இல் அந்தக் கிராமத்து வீடுகள் கம்பியில்லா மெஷ் வலையொன்றால் இணைக்கப்பட்டன. தொலைபேசிக் கம்பியே எட்டாத காட்டோரக் கிராமம் அது. மலையகத்திலும் 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் உதவியோடு ஒரு காரியம் செய்தது: நேயர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னார்கள். ஓர் இணைப்பு, ஆயிரம் காதுகள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலையமைப்பு, கம்பனிகள் கைவிட்ட கிராமங்களில் மக்களே கருவி வாங்கிக் கூரையில் மாட்டி வளர்த்தது. இன்று அது பல்லாயிரம் முனைகளைக் கொண்டிருக்கிறது. அங்கே ரவுட்டர் மக்களின் சொத்து, அதனால் வலையும் மக்களின் சொத்து.

டெக்சாஸ் முதல் ஜெர்மனி வரை

சொந்தக் கருவியைப் பொருத்தும் உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் தொலைவில் கிடந்தவர்களின் தேவையிலிருந்துதான் வந்திருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த தொமஸ் கார்ட்டர், எண்ணெய் வயல்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் தொலைபேசிக் கம்பி எட்டாத இடத்தில் வேலைசெய்தவர்களுக்காக ஒரு கருவி செய்தார். வானொலி அலையில் வரும் குரலை அது தொலைபேசியோடு இணைத்தது. தன் வலையில் பிறர் கருவி படக்கூடாது என்று ஏடி அண்ட் டி நிறுவனம் எதிர்த்தது. 1968இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் கார்ட்டரின் பக்கம் நின்றது. வலைக்குக் கேடு விளைவிக்காத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைக்கலாம் என்ற கொள்கை அங்கே பிறந்தது. பதில் பேசும் கருவியும், தொலைநகலும், வீட்டுக் கணினியை இணையத்தோடு சேர்த்த மோடமும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு திறந்த இணைய ஒழுங்குவிதி, பயனர் தாம் விரும்பும் கருவியைப் பயன்படுத்தும் உரிமையை வெளிப்படையாகச் சொல்கிறது. ஜெர்மனியில் 2016 ஓகஸ்ட் 1 முதல் ‘ரவுட்டர் சுதந்திரம்’ சட்டமானது. இத்தாலியின் ஒழுங்குபடுத்தல் அமைப்பு 2018இல் அதே வழியில் போனது. அமெரிக்காவில் வாடிக்கையாளர் சொந்த ரவுட்டர் வைத்திருந்தும், தான் கொடுக்காத ரவுட்டருக்குக் கம்பனி வாடகை வசூலித்த கூத்தும் நடந்தது. 2020 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நிறுத்தியது.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணைக்குழுவுக்குக் கருவிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் இருக்கிறது. எந்த ரவுட்டரை நாட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதை அது ஏற்கெனவே தீர்மானிக்கிறது. அதாவது ஆணைக்குழு சோதித்து அங்கீகரித்த மெஷ் ரவுட்டரைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதை நம் வீட்டு இணைப்பில் எந்த இடத்தில், எந்த அமைப்போடு பொருத்தலாம் என்பது மட்டும் இணைப்பு கொடுக்க வரும் ஊழியரின் மனநிலையையும் தொலைபேசியில் பேசும் சேவை மையத்தின் பொறுமையையும் பொறுத்தது என்றால், அங்கீகாரத்துக்குப் பொருள் என்ன?

கம்பனி சொல்லும் காரணங்கள்

கம்பனிகளின் பக்கமும் நியாயம் உண்டு. ஜிபொன் முறையில் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நேரத் துண்டில் மட்டுமே ஒளியை மேலே அனுப்பவேண்டும். ஒழுங்கு தெரியாத ஒரு பெட்டி இடைவிடாமல் ஒளி உமிழ்ந்தால், அதே பிரிப்பானில் இருக்கும் அத்தனை வீடுகளின் இணைப்பும் கெட்டுப்போகும். ஆகவே ஒளியை வாங்கும் பெட்டி, ஓஎன்டி எனப்படுவது, கம்பனியுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்வதை இன்றைய நிலையில் ஏற்றுக்கொள்ளலாம். ஜெர்மனியில் அதையும் விடமாட்டோம் என்று பயனர்கள் வாதாடினார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் லேன் துளைக்கு இந்தப் பக்கம் எதைச் செருகினாலும் பிரிப்பானில் இருக்கும் மற்ற வீடுகளின் ஒளிக்கு ஒரு கேடும் வராது. எல்லைக்கோடு அந்தத் துளையில் விழவேண்டும். ‘பழுது வந்தால் யார் குற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்பார்கள். அந்தத் துளையில் ஒரு கணினியை நேராகச் செருகி வேகத்தைப் பார்த்தால் போதும். வேகம் சரியாக வந்தால் பழுது வீட்டுக்காரருடையது, வராவிட்டால் கம்பனியுடையது. எல்லை தெளிவாக இருந்தால் கம்பனியின் பழுதுபார்ப்புச் செலவும் குறையும்.

பாதுகாப்பு என்ற காரணமும் சொல்லப்படுகிறது. கம்பனி கொடுத்த பெட்டி என்பதால் மட்டும் அது பத்திரமாகிவிடாது. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டொய்ச்சே டெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு ஒரே அடியில் பாதிக்கப்பட்டது. பெட்டிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கக் கம்பனிகள் திறந்துவைக்கும் வாசலைக் குறிவைத்தே அந்தத் தாக்குதல் நடந்தது. எல்லார் வீட்டிலும் ஒரே பெட்டி என்றால் ஒரே ஓட்டையும்தான்.

முகவரி, கம்பம், பாதை

தோட்டத்தில் வேறு மூன்று தடைகள் உண்டு. இவற்றைப் பேசாமல் ரவுட்டர் உரிமையை மட்டும் பேசினால், அது ஏற்கெனவே இணைப்பு உள்ளவர்களின் உரிமையாகவே முடிந்துவிடும்.

முதலாவது முகவரி. லயத்துக் குடும்பத்துக்கு வரும் கடிதம் இன்றும் பல இடங்களில் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகிறது. வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. குடியிருப்பவர் பெயரில் காணி உறுதி இல்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் முகவரிச் சான்றே முதல் தடை. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை எல்லாக் கம்பனிகளும் தயங்காமல் ஏற்கவேண்டும் என்று ஆணைக்குழு ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கம்பம். தோட்டப் பாதை ஓரத்தில் கம்பம் நடவும், இறப்பர் மரங்களுக்கிடையே கம்பி இழுக்கவும் தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது. நிலம் அரசுடையது. 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கும் பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கும் போனது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குத் தங்கள் வாசலுக்கு ஒரு கம்பி வரவேண்டுமா என்று முடிவெடுக்கும் இடம் இல்லை. நீரும் மின்சாரமும் வந்த வரலாறு இதுவேதான். ஃபைபரும் அதே வரிசையில் நின்று காத்திருக்க வேண்டுமா?

மூன்றாவது பாதை. பிரதேச சபைகள் நீண்டகாலம் தோட்டங்களுக்குள் பணம் செலவிட முடியாதிருந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பூட்டு திறந்தது. பாதைக்கும் வடிகாலுக்கும் அந்தத் திருத்தத்தைப் பயன்படுத்துகிறோம். சந்தியிலிருந்து லயம் வரை கம்பங்கள் நடுவதற்கும் அதே வழியைப் பயன்படுத்தலாமே. சப்ரகமுவவின் சபைகளில் மலையகத் தமிழரான நம்மவர் சிறு எண்ணிக்கையினர். அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது. தோட்டத்துக்குப் போகும் கம்பி நடுவிலுள்ள சிங்களக் கிராமத்தையும் கடந்துதான் போகும். அந்தக் கிராமத்துக்கும் அதே தேவை இருக்கிறது. இது இரு சாராரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை.

வாங்குமுன் சில வார்த்தைகள்

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஓஎன்டியின் லேன் துளையில் மெஷ் கருவியைச் செருகி, அதை ‘அக்சஸ் பொயின்ட்’ முறையில் ஓடவிடலாம். ரவுட்டர் வேலையைப் பழைய பெட்டி பார்க்கும், வைஃபையைப் புதிய கருவி பார்க்கும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது. அதே இணைப்பில் பியோ டிவி பார்ப்பவர்கள் அதற்கென ஒதுக்கிய துளையைத் தொடாமல் இருப்பது நல்லது.

சிம் ரவுட்டர் வைத்திருப்பவர்களும் இன்றே இதைச் செய்யலாம். சொந்தக் கருவியின் பெரிய பலனே அதுதான். சிக்னல் பிடிக்கும் சன்னலோரத்தில் 4ஜி ரவுட்டரை வைத்து, அதன் லேன் துளையிலிருந்து மெஷ் கருவிக்கு வயர் கொடுத்தால் போதும். நாளை ஃபைபர் வந்தால் அந்த வயரைக் கழற்றிப் புதிய பெட்டியில் செருகவேண்டியதுதான். வீட்டிலுள்ள தொலைபேசிகளில் ஒரு கடவுச்சொல்லைக்கூட மாற்றவேண்டாம். கம்பனியை மாற்றுவது எளிதானால்தான் கம்பனி நம்மை மதிக்கும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் தடித்த சுவரை ஓரளவு கடக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். தகரக் கூரை எந்த அலையையும் திருப்பியடிக்கும். கருவிக்குக் கருவி அலையாகவே கடத்தும் மலிவான ரகங்களில் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே மூன்று தாவலுக்கு மேல் போகவேண்டாம். கருவிகளுக்கு நடுவே வயர் கொடுத்தால் இந்த இழப்பு இல்லை.

ஆனால் வயர் என்றதும் சப்ரகமுவவில் இடி மின்னலை நினைக்கவேண்டும். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலானால் வளிமண்டலவியல் திணைக்களம் இம்மாகாணத்துக்கு மின்னல் எச்சரிக்கை விடுவது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, அந்த வகையில் ஃபைபர் நமக்கு ஏற்றது. ஆனால் வீட்டுக்கு வீடு திறந்தவெளியில் இழுத்த செப்பு லேன் வயர், ஒரு வீட்டில் விழுந்த மின்னலை மற்ற வீட்டுக்கும் கொண்டுபோகும். லயத்தில் கூரைக்கு வெளியே அப்படி இழுக்கக்கூடாது. அங்கே அலையே நல்லது. இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டு நாட்களில் நாம் பழகிய மினி யூபிஎஸ் இருந்தால், பிளக் கழன்றிருக்கும்போதும் ஃபைபர் ஓடும். ஆனால் டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் காட்டியதுபோல, மண்சரிந்து கம்பமே சாய்ந்தால் எந்த ரவுட்டரும் உதவாது. சொந்தக் கருவி வைத்திருப்பவர் அப்போது சிம் ரவுட்டருக்கு மாறிக்கொள்ளலாம், அதுவும் கோபுரம் உயிரோடிருந்தால்.

பங்கிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, பிரச்சினை வந்தால் கேள்வியும் முதலில் அவரிடம்தான் வரும். இன்றைய ஒப்பந்தம் பங்கீட்டை அனுமதிக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே இறங்குங்கள். டேட்டா வரம்புள்ள பொதியென்றால் மாத நடுவில் சண்டை நிச்சயம். பணத்தை ஒருவர் கையில் கொடுப்பதைவிட, மரண உதவிச் சங்கம் அல்லது மாதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் சேர்ப்பது மேல். மாதாமாதம் சந்தா வசூலித்துக் கணக்குக் காட்டும் பழக்கம் நம் தோட்டங்களில் புதிதல்ல.

கேட்கவேண்டியது நான்கு

ஒன்று, வலையின் முடிவு எல்லை எது என்பதை ஆணைக்குழு வரையறுக்கவேண்டும். ஓஎன்டியின் லேன் துளைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரரின் ஆட்சி என்று சொல்லி, கேட்பவருக்குப் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தருவதையும் தேவையான அமைப்பு விவரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவதையும் கட்டாயமாக்கவேண்டும். இரண்டு, இலாபமின்றி ஒரே லயத்துக்குள் பங்கிடுவதை மறுவிற்பனை என்ற வரையறையிலிருந்து நீக்கி, லயத்துக்கென்றே ஒரு பொதியை அனுமதிக்கவேண்டும். மூன்று, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் முகவரிக்குப் போதும் என்று அறிவிக்கவேண்டும். நான்கு, தோட்டப் பாதையோரக் கம்பங்களுக்கு நிர்வாகம் குறித்த நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளவேண்டும்.

இவற்றில் முதல் மூன்றுக்கும் அரசு ஒரு சதம்கூடச் செலவிடவேண்டியதில்லை. நான்காவதற்கும் சட்டத்தில் புதிய கட்டடம் எழுப்பவேண்டியதில்லை. நம் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது கோரிக்கைப் பட்டியலில் நான்காவதைச் சேர்க்கட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மற்ற மூன்றையும் எழுத்தில் ஆணைக்குழுவிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். இணைப்பு வந்த பிறகு விதியைப் பற்றி யோசிக்கலாம் என்றிருந்தால், முதல் வீட்டுக்கு மட்டும் பொருந்தும் விதியே நிலைத்துவிடும். பிறகு அதை மாற்ற இன்னொரு தலைமுறை போராடவேண்டியிருக்கும். ஃபைபர் இன்னும் சந்தியில் நிற்கும் இந்த நேரம்தான் எல்லைக்கோட்டைச் சரியான இடத்தில் போட ஏற்ற நேரம்.